மைதானத்துக்கு வெளியே நிற்பவர்கள்

ஒரு விளையாட்டு ரசிகரின் மனக்குறைகளைப் பட்டியலிட்டால் அவை பெரும்பாலும் மூன்றில் அடங்கிவிடும். அணி சரியாக ஆடவில்லை, ஆட்டத்தை எதில் பார்ப்பது என்று தெரியவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை. எந்த ஊரிலும், எந்த விளையாட்டிலும் இவைதான். கேட்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சோற்றுக்கும் வேலைக்கும் மல்லுக்கட்டும் நாட்டில் இதுவும் ஒரு குறையா என்று கேட்கவும் செய்யலாம். ஆனால் கொல்கத்தாவில் இந்த மூன்று குறைகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. அவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றே: ஒரு மன்றம் யாருடையது? பணம் போட்டவருடையதா, நாற்காலியில் அமர்ந்திருப்பவருடையதா, வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்றவருடையதா?

அந்த நகரத்தில் இந்தியர்களின் கால்பந்து பள்ளி, கல்லூரி வளாகங்களில்தான் வேர்விட்டது. 1877இல் ஹேர் பள்ளி மாணவனாக இருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தன் தோழர்களைக் கூட்டிப் பந்தை உதைத்ததையே வங்காளிகள் தொடக்கமாகக் கொள்கின்றனர். சிறுவர்கள் விவரம் தெரியாமல் ரக்பி பந்தை வாங்கி வந்துவிட, பக்கத்திலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் ஆங்கிலேயப் பேராசிரியர் ஸ்டாக் சரியான பந்தைத் தந்தார் என்றொரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. பின்னர் கல்லூரிகளுக்கென்றே எலியட் கேடயம் என்னும் போட்டி வந்தது. மோகன் பகான் 1889இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இலும், ஈஸ்ட் பெங்கால் 1920இலும் தோன்றின. தன் கல்லூரி அணிக்காகத் தொண்டை வறளக் கத்தும் மாணவன் அந்த அணியைத் தன்னுடையதாகவே நினைக்கிறான். அதற்கு அவன் எந்தப் பத்திரத்தையும் காட்ட வேண்டியதில்லை. அந்த உரிமையுணர்வு கல்லூரி வாசலைத் தாண்டி மன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. இன்றுவரை கொல்கத்தா ரசிகர் தம் அணியைப் பற்றிப் பேசும்போது ‘அவர்கள் தோற்றார்கள்’ என்பதில்லை. ‘நாம் தோற்றோம்’ என்றே சொல்கிறார்.

1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு. மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். முதலில் பின்தங்கிய அணி, சிவதாஸ் பாதுரியின் கோலால் சமன் செய்து, அபிலாஷ் கோஷின் கோலால் 2-1 என வென்றது. இந்த வெற்றி பல நூல்களில் பலவாறாகப் பேசப்பட்டுவிட்டது. மைதானத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். சிறப்பு ரயிலிலும் கூடுதலாக விடப்பட்ட நீராவிப் படகுகளிலும் வந்து சேர்ந்த பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர்க்கு உள்ளே இடமில்லை. டிக்கெட்டுகள் கறுப்புச் சந்தையில் பல மடங்கு விலைக்குப் போயின. மரத்தில் ஏறியவர்கள் பார்த்தார்கள். ஏற முடியாதவர்களுக்கு உள்ளேயிருந்து பட்டங்கள் பறக்கவிடப்பட்டன. கோல் கணக்கை அப்பட்டங்கள் சொல்லின. கொல்கத்தாவின் முதல் நேரடி ஒளிபரப்பு என்று அந்தப் பட்டங்களைச் சொன்னால் மிகையாகாது. மூன்று குறைகளில் இரண்டு அன்றே இருந்தன. அணியின் ஆட்டத்தைப் பற்றிய குறை மட்டும் அன்று ஒரு நாளைக்கு இல்லாமலிருந்தது.

மைதான் என்று பொதுவாக அழைக்கப்படும் அந்தப் பெரும் புல்வெளி இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. மூன்று பெரிய மன்றங்களின் ஆடுகளங்களும் அங்கேதான் இருக்கின்றன. நிலையான பெரிய அரங்கம் எழுப்ப முடியாது என்பதால் மரப்பலகைக் கேலரிகளே நெடுங்காலம் நின்றன. இடம் குறைவு, ஆசை மிகுதி. வில்லியம் கோட்டையை ஒட்டிய மண்மேடுகளில் நின்று இலவசமாகப் பார்ப்பவர்கள் ஒருபுறம். அட்டையில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திச் செய்த பெரிஸ்கோப்பை உயர்த்திப் பிடித்து, முன்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலாக ஆட்டத்தைப் பிடிப்பவர்கள் மறுபுறம். வரிசையை ஒழுங்குபடுத்தக் குதிரைமேல் போலீஸ்காரர்கள். குதிரையின் மூச்சுக்காற்று பிடரியில் படும் தொலைவில் நின்று டிக்கெட் வாங்கிய அனுபவத்தைப் பழைய ரசிகர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

அப்படிச் சொல்பவர்களில் ஒருவர், தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெரியவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித் தூளும் கிடைக்கும் அந்தச் சந்தையைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவருடைய தந்தை ரங்கூனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கியபின், ஆயிரக்கணக்கான தமிழர்களோடு காட்டுவழியே நடந்து, மணிப்பூர், அசாம் வழியாகக் கொல்கத்தா வந்து சேர்ந்தார். ஊருக்குத் திரும்பும் ரயிலுக்குக் காசு சேர்க்கத் தங்கியவர், கடைசிவரை தங்கிவிட்டார்.

ஒரு தமிழருக்கு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஏன் ஒன்றாக இருக்கக்கூடாது? மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளான ‘கோட்டி’கள் மோகன் பகான் பக்கம், கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’கள் ஈஸ்ட் பெங்கால் பக்கம். முன்னவர் வென்றால் வீட்டில் இறால். பின்னவர் வென்றால் இலிஷ் மீன். இந்தக் கணக்கில் தமிழருக்கு இடமே இல்லை. ஆனால் பெரியவரின் தந்தைக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, பிரிவினைக்குப்பின் சியால்தா நிலையத்தின் நடைமேடைகளில் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்த அகதிகளை அவர் பார்த்திருந்தார். விட்டுவந்த வீட்டின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தவர்களின் மன்றம் அது. இரண்டாவது காரணம் எளியது. 1949 முதல் 1953 வரை அம்மன்றத்தின் முன்வரிசையில் ஆடிய ஐவரை வங்காளிகள் ‘பஞ்ச பாண்டவர்’ என்றனர். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தெற்கத்தியர். வானொலியிலும் நாளிதழிலும் அந்தப் பெயர்களைக் கேட்ட ஒருவருக்கு அணியைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வந்திருக்காது.

பெரியவர் வங்காளி மொழியைக் கற்றது பள்ளியில் அல்ல, வர்ணனையில். அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்யா ஆகியோரின் குரல்கள் வானொலியில் ஒலித்த காலம் அது. தேநீர்க்கடை முன் நின்று கேட்பவர்களுக்குப் பந்து எந்தக் கால் வழியே எங்கே போகிறது என்பது கண்முன் விரியும். தமிழ்நாட்டில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. டிக்கெட் கிடைக்காதவன் ஆட்டத்திலிருந்து முற்றாக வெளியேற்றப்படுவதில்லை என்ற உறுதியை அந்த வானொலி தந்தது. அதற்குச் சந்தா இல்லை, கடவுச்சொல் இல்லை. கடைக்காரருக்குக் குறைந்தது ஒரு தேநீராவது விற்றது.

இத்தகைய நினைவுகளில் ஓர் ஆபத்து உண்டு. பழையது எல்லாம் இனியது என்று அவை நம்பவைத்துவிடும். கொல்கத்தாவின் கால்பந்து வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை.

1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என வென்றது. இந்த இரு அணிகளுக்கிடையே இத்தனை பெரிய வித்தியாசம் அதற்குமுன் கண்டதில்லை. பெரியவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அன்று இரவு தெருவில் ஆடியவர்களில் அவரும் ஒருவர். மறுபுறத்தில், தோல்வியைத் தாளாத மோகன் பகான் இளைஞர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த பிறவியில் அந்த அணியின் ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழிதீர்க்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்ததாக நகரம் இன்றும் நினைவுகூர்கிறது. ‘அணி சரியாக ஆடவில்லை’ என்னும் குறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. அந்தச் செய்திக்குப்பின் பெரியவர் எதிரணித் தோல்வியைக் கொண்டாடும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகினார்.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ் அரங்கில் கல்கத்தா லீக் ஆட்டம். அதே இரு அணிகள். களத்தில் முரட்டு ஆட்டம் முற்ற, இரு தரப்பு ரசிகர்களும் கலந்து அமர்ந்திருந்த கேலரியில் கைகலப்பு மூண்டது. நெரிசலில் 16 பேர் இறந்தனர். மாலையில் ஆட்டம் பார்த்துவிட்டு இரவு சோற்றுக்கு வீடு திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள் அவர்கள். அன்று காலை பெரியவரும் வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு நான்கைந்து பேர் முன்னால் கவுண்ட்டர் மூடப்பட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், இரவுச் செய்தியைக் கேட்டபின் சாப்பிடவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்று அதற்குப்பின் அவர் புலம்பி யாரும் கேட்டதில்லை. டிக்கெட் எப்படி விற்கப்படுகிறது, யாரை எங்கே அமர்த்துகிறார்கள் என்றுதான் கேட்பார். டிக்கெட் என்பது இருக்கைக்கான சீட்டு மட்டுமன்று, உள்ளே போகிறவனை உயிரோடு திருப்பி அனுப்புவதற்கான உத்தரவாதமும்கூட என்பது அவர் அன்று கற்றது. அந்நாள் இன்றும் கால்பந்து ரசிகர் தினமாக நினைவுகூரப்படுகிறது. இரத்ததான முகாம்கள் நடக்கின்றன.

1984இல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டபின் இட நெருக்கடி தீர்ந்தது போலத் தோன்றியது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு அங்கே திரண்டவர்கள் ஏறத்தாழ 1,31,000 பேர். அமல் தத்தாவின் ‘வைர’ வியூகத்தை பி.கே. பானர்ஜியின் அணி உடைத்தது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் அப்படியொரு கூட்டம் கூடுவது அரிது. 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அரங்கம் புதுப்பிக்கப்பட்டபோது தனித்தனி இருக்கைகள் வந்தன. கொள்ளளவு வெகுவாகக் குறைந்தது. பாதுகாப்பு கூடியது. இதை இழப்பு என்று சொல்பவர்கள் 1980ஐ மறந்தவர்கள்.

பழைய கேலரியில் பெண்களைக் காண்பதே அபூர்வம். பெரியவரின் மனைவி கடைசிவரை ஓர் ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. மகள் ஒருமுறை கேட்டபோது, “அங்கெல்லாம் உனக்குச் சரிப்படாதும்மா” என்று அவர் மறுத்தார். இன்று கல்லூரியில் படிக்கும் பேத்தி தோழிகளோடு தனியே போய் வருகிறாள். தாத்தாவுக்கான டிக்கெட்டையும் அவளே கைப்பேசியில் எடுக்கிறாள்.

ஆகவே பழையது, புதியது என்று பிரித்து ஒன்றைப் புகழ்ந்து ஒன்றை இகழ்வதில் பயனில்லை. குறைகள் எங்கே இடம் மாறியிருக்கின்றன என்று பார்ப்பதே பயனுடையது.

முதலாவது, அணியின் ஆட்டம். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது நூற்றாண்டு மன்றங்களுக்கு அதில் இடமில்லை. கொல்கத்தாவின் பெயரில் ஏ.டி.கே. என்னும் புதிய அணி வந்தது. 2020இல் அந்த அணியின் உரிமையாளர்கள் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் பெரும்பங்கைப் பெற, ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ பிறந்தது. அணி நன்றாகவே ஆடியது. 2023இல் கோப்பையையும் வென்றது. ஆனாலும் ரசிகர்கள் ஓயவில்லை. மூன்றாண்டுகள் பதாகைகளிலும் சுவர்களிலும் சமூக ஊடகங்களிலும் ‘ஏ.டி.கே.வை அகற்று’ என்ற கோரிக்கை ஒலித்தது. கோப்பை வென்ற இரவிலேயே பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூன் முதல் அது ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’ ஆனது. வெற்றி மட்டும் போதும் என்று ரசிகர்கள் நினைத்திருந்தால் இந்தப் போராட்டத்துக்குத் தேவையே இருந்திராது. தம் தாத்தாவின் அணி எந்தப் பெயரில் வெல்கிறது என்பது அவர்களுக்கு முக்கியமாயிருந்தது.

ஈஸ்ட் பெங்காலின் கதை வேறு. முதலீட்டாளர் மாறி மாறி வந்தனர். 2021 ஜூலையில், ஒப்பந்தம் இழுபறியில் கிடந்தபோது மன்ற வாசலில் திரண்ட ரசிகர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. ஐ.எஸ்.எல். பட்டியலில் 2020-21 முதல் 2024-25 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கு முறை ஒன்பதாமிடம். ஒருமுறை கடைசியான பதினொன்றாமிடம். மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டுத் தோல்விகள். அந்தத் தோல்வித் தொடரை 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்ட் கோப்பை ஆட்டத்தில் முடித்துவைத்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். வலப்புறமிருந்து உள்ளே வெட்டி, இடக்காலால் வளைத்து அடித்த ஒற்றைக் கோல். நான்கரை ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த வெற்றி. மறுநாள் லேக் மார்க்கெட் மீன்கடைக்காரர் பெரியவரைப் பார்த்து, “உங்க ஊர்ப் பையன்!” என்று சொல்லி இலிஷ் மீனுக்கு விலை குறைத்துக் கொடுத்தார். எழுபதாண்டுகளாக அந்த நகரத்தில் வாழ்பவருக்கு, தம் ஊர் எது என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் இரண்டு விடைகளையும் ஒரே நேரத்தில் தந்தது போலிருந்தது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் ஒடிசாவை 3-2 என வென்று சூப்பர் கோப்பையையும் அம்மன்றம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டு வறட்சி தீர்ந்தது. இறுதியாட்டத்திலும் நந்தகுமாரின் கோல் ஒன்று இருந்தது. தஞ்சாவூர்க்காரரான குலோத்துங்கனும், ராமன் விஜயனும் முன்பே ஆடிச் சென்ற மைதானத்தில் இன்னொரு தமிழ்ப் பெயர்.

இரண்டாவது, ஒளிபரப்பு. பட்டத்தில் தொடங்கி வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் வந்த பார்வை, இப்போது சந்தாத் தளங்களுக்குச் சென்றுவிட்டது. உரிமம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் பெரியவரின் வீட்டில் ஒரு சிறு கலவரம் நிகழும். பழகிய அலைவரிசையில் ஆட்டம் வராது. பேத்தி வந்து புதிய செயலியை இறக்கித் தரவேண்டும்.

“எண்பது நிமிஷம் ஓடிருச்சு கண்ணு, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.”

“நெட் மெதுவா இருக்கு தாத்தா. ஸ்கோர் மட்டும் சொல்லட்டுமா?”

“ஸ்கோர் வேண்டாம். பந்து எங்க இருக்குன்னு சொல்லு.”

செயலியின் வட்டம் சுழல்வதற்கும் அடியில், பெரிய விரிசல் ஒன்று உண்டு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தம் முடியும் தறுவாயில், புதுப்பிப்பில் தெளிவில்லாததால், 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. நவம்பரில் உரிமைகளுக்கு ஏலம் விடப்பட்டபோது விண்ணப்பிக்க எவரும் முன்வரவில்லை. ஆட்டக்காரர்களின் சம்பளம், பயிற்சியாளர்களின் பிழைப்பு, களப் பணியாளர்களின் கூலி எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கின. எதில் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டிருந்த ரசிகர், பார்ப்பதற்கு ஆட்டம் இருக்குமா என்று கேட்கும் நிலைக்கு வந்தார். நூறாண்டு மன்றத்தின் எதிர்காலம் பதினைந்தாண்டு ஒப்பந்தத்தின் காலக்கெடுவில் நிற்கிறது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

மூன்றாவது, டிக்கெட். வரிசை கைப்பேசிக்குள் போய்விட்டது, குதிரைகள் இல்லை. ஆனால் விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் ‘தீர்ந்துவிட்டது’ என்று காட்டும் திரையிடம் எவரும் சண்டையிட முடியாது. மைதானில் கவுண்ட்டர் மூடப்பட்டால் மூடியவரின் முகமாவது தெரிந்தது. ஆட்டத்தின் இடமும் நாளும் மாறுவது இன்னொரு சிக்கல். 2025 ஜனவரி 11 அன்று நடக்கவிருந்த ஐ.எஸ்.எல். டெர்பி, கங்காசாகர் மேளாவுக்குக் காவலர்கள் தேவைப்பட்டதால் குவஹாத்திக்கு மாற்றப்பட்டது. காவல்துறையின் நெருக்கடி பொய்யன்று. இலட்சக்கணக்கான யாத்திரிகர்களின் பாதுகாப்பு அதில் உண்டு. ஆயினும் மேளாவின் தேதி ஆண்டுதோறும் மகர சங்கராந்திதான். அட்டவணை எழுதுபவர் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கலாம். ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் செலவழிக்க முடிந்தவர்கள் மட்டும் போனார்கள். மோகன் பகான் 1-0 என வென்றது.

2025 டிசம்பர் 13 அன்று சால்ட் லேக்கில் நடந்தது இந்தக் குறையின் உச்சம். லயனல் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்தவர்கள், அவரைச் சூழ்ந்த முக்கியப் பிரமுகர்களின் முதுகுகளைத்தான் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் அவர் புறப்பட்டுவிட, பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் பிடுங்கப்பட்டன. முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார், ஏற்பாட்டாளர் கைதானார். இருக்கையை உடைத்தது தவறுதான். ஆனால் 2011 செப்டம்பரில் இதே அரங்கில் அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் மோதியபோது, அணித்தலைவராக வந்த அதே மெஸ்ஸியைத் தொண்ணூறு நிமிடமும் கண்குளிரக் கண்ட நகரம் இது. டிக்கெட் வாங்கியவரின் பார்வையை, டிக்கெட் வாங்காதவரின் முதுகு மறைக்கலாகாது. இவ்வளவுதான் அந்த நாளின் பாடம்.

உலகின் பிற இடங்களில் ரசிகர்கள் இதே கேள்விகளுக்குச் சில விடைகளைக் கண்டிருக்கின்றனர். ஜெர்மனியில் 1998 முதல், சில விதிவிலக்குகள் தவிர, மன்றத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. முதலீட்டாளர் வரலாம், ஆனால் தனியாக முடிவெடுக்க முடியாது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் மன்றம் 77 பவுண்டுக்கு டிக்கெட் விற்கத் திட்டமிட்டபோது, ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டனர். சென்னையில் சேப்பாக்கம் அரங்கின் ஐ, ஜே, கே பகுதிகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து 2023இல்தான் திறந்தன. அதுவரை அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் இல்லை என்ற பதிலை ரசிகர்கள் கேட்டனர். எழுந்து வெளியேறும் துணிவும், வாக்களிக்கும் உரிமையும் இல்லாத இடத்தில் ரசிகர் காத்திருக்க மட்டுமே முடியும்.

கொல்கத்தா ரசிகர்கள் காத்திருக்க மறுத்த ஒரு நாள் உண்டு. 2024 ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். நகரமே தெருவில் நின்றது. ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூராண்ட் கோப்பை டெர்பி, பாதுகாப்பு அளிக்க இயலாது என்று சொல்லி ரத்து செய்யப்பட்டது. கேலரியில் நீதி கேட்கும் பதாகைகள் விரியும் என்பது முன்பே பேசப்பட்டிருந்தது. பேத்தியின் கைப்பேசியில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன.

அன்று மாலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆட்டந்தான் இல்லையே, எங்க போற?”

“ஸ்டேடியத்துக்குத்தான் தாத்தா.”

“தனியாவா?”

“சௌத்ல இருந்து மோகன் பகான் காரங்க எங்க கூடவே வர்றாங்க.”

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. 1980ஆம் ஆண்டின் அந்த இரவை அவர் நினைத்திருக்கக்கூடும். பிறகு எழுந்துபோய்க் குடையை எடுத்துவந்து கொடுத்தார்.

அரங்கத்துக்கு வெளியே, சிவப்பு-மஞ்சள், பச்சை-மெரூன், கறுப்பு-வெள்ளைச் சட்டைகள் தோளோடு தோள் நின்றன. ஒருவரையொருவர் இகழ்ந்தே நூறாண்டு வாழ்ந்த மூன்று மன்றங்களின் ரசிகர்கள் ஒரே குரலில் நீதி கேட்டனர். மோகன் பகான் அணித்தலைவர் சுபாசிஷ் போஸும் வந்து நின்றார். காவல்துறை தடியடி நடத்தியது. சிலரைப் பிடித்துச் சென்றது. ஆட்டத்துக்குத் தர ஆளில்லை என்று சொல்லப்பட்ட இடத்தில், கூட்டத்தைக் கலைக்கத் தேவையான ஆள்கள் இருந்தனர் என்று அன்று பலர் கேட்டனர். எதிரெதிர்ப் பகுதிகளில் அமர வேண்டியவர்கள் ஒரே தோளில் ஏறி நின்ற காட்சி நாளிதழ்களில் வந்தது. ஒரு பெண் இரவில் வேலைசெய்யும் இடத்தில் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கையும், ஒரு பெண் கேலரியில் தனியே அமர்ந்து ஆட்டம் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் வெகு தொலைவிலுள்ளவை அல்ல. அவற்றை ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்று வெளியே நின்றார்கள்.

ரசிகரின் கோபம் எப்போதும் நியாயமானது என்று இதனால் சொல்லிவிட முடியாது. அதே கூட்டம் வேறொரு நாளில் நடுவரைத் துரத்தியிருக்கிறது. தோற்ற அணியின் பேருந்தைச் சூழ்ந்திருக்கிறது. எதிரணி ரசிகரின் பூர்வீகத்தை இழித்துப் பேசியிருக்கிறது. முதலீட்டாளரின் பணமின்றி இன்றைய லீக்கில் ஓர் அணியை நடத்த முடியாது என்பதும் உண்மை. கணக்கு வழக்கில்லாத நிர்வாகத்தால் சம்பளபாக்கி வைத்த காலத்தையும் அந்நகரம் கண்டிருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ரசிகரிடம் கொடுங்கள் என்பது கோரிக்கையாகாது.

கேட்கப்படுவது சிறியதே. ஆட்டத்தின் நாளும் இடமும் உரிய காலத்தில் அறிவிக்கப்பட வேண்டும். எத்தனை டிக்கெட்டுகள் பொதுமக்களுக்கு, எத்தனை அழைப்பாளர்களுக்கு என்பது வெளிப்படையாக இருக்கவேண்டும். இரு தரப்புக்கும் ஒரே விலை வேண்டும். உள்ளூர் லீக்கின் ஆட்டங்களையாவது காசின்றி, வங்காளி வர்ணனையோடு பார்க்கவோ கேட்கவோ வழி வேண்டும். மன்றத்தின் பெயரையோ நிறத்தையோ மாற்றுமுன் உறுப்பினரைக் கேட்கவேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்பவரை மனிதராக மதிக்கும் பழக்கம் மட்டும் தேவைப்படும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று நடக்கும் இரத்ததான முகாமுக்குப் பெரியவர் தவறாமல் போய்வந்தார். அறுபத்தைந்து வயதுக்குமேல் இரத்தம் எடுப்பதில்லை என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியபின்னும் போவதை நிறுத்தவில்லை. இப்போது பேத்தி கொடுக்கிறாள். அவள் படுத்திருக்கும்போது அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அடுத்த கட்டிலில் பச்சை-மெரூன் சட்டையணிந்த இளைஞன் ஒருவன் கையை மடக்கி விரித்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பருவத்தில் எந்த அணி தேறும் என்று இருவரும் வாதிடுகிறார்கள். வாதம் முடிவதில்லை. தாதி வந்து, “பேசாமல் படுங்கள்” என்று இருவரையும் அதட்டுகிறார்.